மூன்று ஓலைகளும் ஒரு முடியும்: மாத்தளை மன்னன் விஜயபாலன்

பதினேழாம் நூற்றாண்டின் இலங்கை வரலாற்றைக் கற்போர் நெஞ்சில் முதன்மையாக நிற்பவன் இரண்டாம் இராஜசிங்கன். ரந்தெனிவலையிலும் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் படைகளை அழித்தவன். ஒல்லாந்தரை இந்நாட்டு அரசியலுள் அழைத்து வந்தவன். அரை நூற்றாண்டிற்கும் மேலாக மலைநாட்டை ஆண்டவன். பாடநூல்கள் அவனுக்குப் பல பக்கங்களை ஒதுக்குகின்றன. ஆனால் அதே அரண்மனையில் வளர்ந்து, அதே களங்களிற் போர் புரிந்து, அதே ஆண்டுகளில் மாத்தளையைத் தனி நாடாக ஆண்ட அவனுடைய சகோதரன் விஜயபாலனுக்கு அவை ஓரிரு வரிகளுக்கு மேல் அளிப்பதில்லை. அளிக்கும் அவ்வரிகளும் ‘போர்த்துக்கேயரோடு சேர்ந்து கொண்டவன்’ என்ற ஒரு குற்றச்சாட்டோடு முடிந்துவிடுகின்றன.

ஒருவனை வரலாற்றிலிருந்து நீக்குவதற்கு இக்குற்றச்சாட்டுப் போதுமானதா? அவன் செய்தது அக்கால அரசியலில் புதுமையானதா, அன்றி அக்காலத்து அரசர் அனைவரும் செய்ததேயா? அவன் தோல்வி அவனுடைய குணக்குறையின் விளைவா, அன்றி அவன் பிறந்த நிலைமையின் விளைவா? இவ்வினாக்களை எழுப்பி, விஜயபாலனின் வாழ்வையும் ஆட்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் எல்லையும்

ஓர் அரசனின் வரலாற்றை அறியுமுன் அவன் ஆண்ட நிலத்தை அறிதல் வேண்டும். மாத்தளை, கண்டியின் வடக்கு வாயில். கண்டிப் பள்ளத்தாக்கின் நீர் மகாவலியைச் சேர்கின்றது. அதற்கு வடக்கே ஒரு மலைத்தொடர் குறுக்கிடுகின்றது. அதனைக் கடந்தால் நீர் சுது கங்கை வழியே வடக்கு நோக்கி ஓடி அம்பன் கங்கையிற் கலக்கின்றது. இந்த நீர்ப்பிரிப்பு மேடே இயற்கை வகுத்த எல்லை. மேட்டைக் கடந்து வடக்கே இறங்குவோர் முதலில் அடையும் ஊர்களுள் ஒன்று உக்குவளை. அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் மாத்தளை நகரும், அதனை அடுத்து விஜயபாலனின் தலைநகராக விளங்கிய கொடபொலவும் உள்ளன.

இம்மேடு எத்துணை வலிமையான எல்லை என்பதைப் பிற்காலத்தார் அதனைக் கடக்கப் பட்ட பாட்டால் அறியலாம். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880இலேதான் வந்தது. அது உக்குவளை வழியாகவே வருகின்றது. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீரை வடக்கே திருப்புவதற்கு மலையின் ஊடாக ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் குடைய வேண்டியதாயிற்று. 1976இல் அந்நீர் உக்குவளையில் மின்னிலையத்தை இயக்கிச் சுது கங்கையில் விழுந்தபோது, இரு வேறு நாடுகளாய் நின்ற இரு பள்ளத்தாக்குகள் நீரால் இணைந்தன எனலாம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விணைப்பு இல்லை. மேட்டிற்குத் தெற்கே தம்பியின் நாடு. வடக்கே அண்ணனின் நாடு.

இந்நிலத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மலைநாட்டிற்குச் செல்லும் வழிகள் மாத்தளையூடாகவே சென்றன. திருகோணமலைத் துறையிலிருந்தோ மன்னார்க் கரையிலிருந்தோ கண்டிக்குச் செல்வோர் தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை என்று வருதல் இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த எம் முன்னோரும் மன்னார்க் கரையில் இறங்கி இந்த வடபாதை வழியேதான் கால்நடையாய் வந்து சேர்ந்தனர். வழியில் மடிந்தவர் போக எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் உக்குவளையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்கின்றனர். ஆகவே மாத்தளையை ஆள்பவன் கண்டியின் கதவை வைத்திருப்பவன். கதவு ஒருவன் கையிலும் வீடு இன்னொருவன் கையிலும் இருக்குமாயின் இருவரும் அமைதியாக உறங்குதல் அரிது.

பெற்றோரும் பயிற்சியும்

விஜயபாலனின் தாய் தோனா கதரீனா எனப்பட்ட குசுமாசன தேவி. இவள் கண்டியை ஆண்ட கரலியத்த பண்டாரவின் மகள். சிறுவயதிலேயே போர்த்துக்கேயர் பாதுகாப்பில் மன்னாரில் கிறித்தவப் பெண்ணாக வளர்க்கப்பட்டவள். 1594இல் அவளைக் கண்டி அரியணையில் ஏற்றித் தம் விருப்பம்போல் ஆளலாம் எனப் போர்த்துக்கேயர் பெரும் படையுடன் புறப்பட்டனர். தந்துறைப் போரில் அப்படை அழிந்தது. வென்றவன் கொனப்பு பண்டார. அவனும் போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்று, தோன் ஜுவாங் என்ற பெயர் தாங்கி, கோவாவில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்து திரும்பியவன். அவனே முதலாம் விமலதர்மசூரியன் என்ற பெயரில் பௌத்த மன்னனாகி, சிறைப்பட்ட இளவரசியை மணந்து, அவள் உரிமையைத் தன் உரிமையாக்கிக் கொண்டான்.

விமலதர்மசூரியன் 1604இல் இறந்தான். அவன் உறவினனும் துறவியாயிருந்தவனுமான செனரத், காவியைக் களைந்து அரியணை ஏறி, தோனா கதரீனாவை மணந்தான். அரசி 1613இல் காலமானாள். குமாரசிங்கன், விஜயபாலன், இராஜசிங்கன் ஆகிய மூவரும் இவள் வயிற்றுப் பிள்ளைகள். முன்னிருவரும் விமலதர்மசூரியனின் மைந்தர் என்றும் இளையவனான இராஜசிங்கனே செனரத்தின் மைந்தன் என்றும் பொதுவாகக் கொள்வர். பிறப்புப் பற்றிச் சான்றுகள் யாவும் ஒரே குரலிற் பேசுவன அல்ல. எனினும் மேற்கூறிய கொள்கை சரியாயின், விஜயபாலன் இறந்த மன்னனின் மகன்; இராஜசிங்கன் ஆளும் மன்னனின் மகன். பின்னாளில் நிகழ்ந்தவற்றுக்கு இதுவே வித்து.

இளவரசர் மூவரும் பெற்ற கல்வி நோக்கற்பாலது. கண்டி அரண்மனையில் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் இருந்தனர். அவர்களிடம் இளவரசர் போர்த்துக்கேய மொழியைக் கற்றனர். அக்காலத்தில் இந்துமாக் கடற் கரையெங்கும் வாணிபத்திற்கும் அரசியல் தூதுக்கும் உரிய பொதுமொழியாகப் போர்த்துக்கேயமே விளங்கிற்று. இராஜசிங்கன் பின்னர் ஒல்லாந்தருக்கு எழுதிய கடிதங்களும் அம்மொழியிலேயே அமைந்தன. ஆயினும் சகோதரர் இருவரும் ஒரே கல்வியிலிருந்து வெவ்வேறு பயன்களைப் பெற்றனர். இராஜசிங்கனுக்கு அது பகைவன் நாவை அறிதற்கான கருவியாயிற்று. விஜயபாலனுக்கோ அது ஓர் உறவாகவும் ஆயிற்று. பாதிரிமாரின் நட்பும் போர்த்துக்கேயப் பண்பாட்டின் மீதான ஈடுபாடும் அவனிடம் இறுதிவரை நிலைத்தன. அன்னை மன்னாரில் வளர்ந்ததும் தந்தை கோவாவில் வாழ்ந்ததும் நினைவிலிருப்பின், இவ்வீடுபாடு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, வீட்டிலேயே விளைந்தது என்பது புலனாகும்.

பங்கீடு

செனரத் தன் ஆட்சியின் பிற்பகுதியில் நாட்டை மூன்று இளவரசருக்கும் பகிர்ந்தளித்தான். இந்நிகழ்ச்சியைச் சூளவம்சம் சுவைபடக் கூறுகின்றது. மூன்று பங்குகளையும் மூன்று ஓலைகளில் எழுதி, புனித தந்ததாதுவின் முன்னிலையில் வைத்து, ஆளுக்கொன்றாக எடுக்கச் செய்தான் மன்னன். ஊவா குமாரசிங்கனுக்கு வாய்த்தது. மாத்தளை விஜயபாலனுக்கு வாய்த்தது. மலைமேல் ஐந்து நாடுகள் எனப்பட்ட நடுநாடும், அதனோடு தலைநகரும், இளையவனான இராஜசிங்கன் எடுத்த ஓலையில் இருந்தன.

ஓலை எடுத்தல் நீதியின் சின்னம். மனிதன் தீர்மானிக்கவில்லை, தாதுவே தீர்மானித்தது என்பது அதன் பொருள். மறுப்பதற்கு இடமில்லாத தீர்ப்பு என்பதனாலேயே செனரத் இம்முறையைக் கையாண்டான் எனக் கருதலாம். ஆளும் மன்னனின் சொந்த மகனுக்கே நடுநாடு கிடைத்தது தற்செயலா என்ற ஐயம் கற்போர்க்கு எழுவது இயல்பு. அவ்வையம் விஜயபாலனுக்கும் எழுந்திராது என்று சொல்வதற்கில்லை.

மேலும் ஒன்று. இலங்கையில் அரசுரிமையின் அடையாளம் தந்ததாது. அதனைக் காப்பவனே மன்னன் என்பது மக்கள் நம்பிக்கை. நாடு மூன்றாகப் பிரிந்தது, தாது பிரியவில்லை. அது கண்டியில், இராஜசிங்கன் கையில், தங்கிற்று. ஆகவே மூன்று பங்குகளும் சமம் எனப் பெயரளவிற் கூறினும், ஒரு பங்கே முடி. மற்றிரண்டும் நிலம் மட்டுமே.

ஒரு ஜேர்மானிய ஒப்புமை

பிள்ளைகளுக்கு நாட்டைப் பங்கிட்டு வழங்கும் வழக்கம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அக்கால ஜேர்மனியில் இது பெருவழக்காய் இருந்தது. ஹெஸ்ஸே நாட்டின் கோமகன் பிலிப் 1567இல் இறந்தபோது, அவன் விருப்பப்படி நாடு நான்கு மைந்தருக்குப் பிரிக்கப்பட்டது. மூத்தவன் வில்லியம், காசெல் நகரோடு ஏறத்தாழ அரைப்பங்கைப் பெற்றான். லூயிக்கு மார்பர்க்கும், இளைய பிலிப்புக்கு ரைன்பெல்சும், ஜோர்ஜுக்கு டாம்ஸ்டாட்டும் கிடைத்தன. இளைய பிலிப் 1583இலும் லூயி 1604இலும் மகப்பேறின்றி இறந்தனர். மார்பர்க் யாருக்கு என்ற வினா காசெல் கிளையையும் டாம்ஸ்டாட் கிளையையும் தீராப் பகைவராக்கிற்று. ஒரு கிளை சுவீடனோடும் பிரான்சோடும் சேர்ந்தது. மறு கிளை பேரரசனோடு சேர்ந்தது. முப்பதாண்டுப் போரின் இறுதியில், 1648இலேதான் அப்பிணக்கு ஓய்ந்தது.

விஜயபாலனும் இராஜசிங்கனும் இலங்கையில் பகைத்து நின்ற அதே காலத்தில், அவர்களைப் பற்றி ஏதும் அறியாத இரு ஜேர்மானியக் குடும்பங்கள் அதே நாடகத்தை நடித்துக்கொண்டிருந்தன என்பது சிந்தனைக்குரியது. பங்கிடப்பட்ட நாட்டில் ஒரு கிளை அற்றுப்போகும். அதன் பங்கிற்கு எஞ்சியோர் போட்டியிடுவர். போட்டியில் வெல்ல வெளியார் துணையை நாடுவர். இவ்வரிசை இரு நாடுகளிலும் மாறவில்லை. தமிழர் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. மதுரையில் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் அரியணைக்காகப் பொருதிய வேளையிலேயே 1311இல் மாலிக் கபூரின் படை பாண்டிநாட்டிற் புகுந்தது.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. ஜேர்மனியில் சிற்றரசுகளைத் தாங்கிநிற்கப் பேரரசு என்ற ஒரு பொது அமைப்பு இருந்தது. தோற்ற கிளையும் தன் சிறு பங்கோடு பிழைத்திருக்க முடிந்தது; டாம்ஸ்டாட் கிளை இருபதாம் நூற்றாண்டுவரை ஆண்டது. இலங்கையில் அத்தகைய கூரை இல்லை. இங்கே தோற்றவனுக்கு எஞ்சியது கடல் ஒன்றே.

ஒருமித்து நின்ற காலம்

பங்கீடு உடனே பகையாக முற்றவில்லை. பொதுப் பகைவன் வாசலில் நின்றதே காரணம். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1630 ஆகஸ்டில் ஊவாவினுட் படையெடுத்தான். அவன் படையிலிருந்த சிங்கள முதலிமார் முன்னரே கண்டியோடு உடன்பாடு செய்திருந்தனர். ரந்தெனிவலையில் அவர்கள் கட்சி மாறினர். இளவரசர் தலைமை தாங்கிய கண்டிப்படை போர்த்துக்கேயரைச் சூழ்ந்து அழித்தது. தளபதியும் களத்தில் மாண்டான். இவ்வெற்றி மூவர்க்கும் பொதுவானது.

வெற்றிக்குப் பின்னும் கரையோரக் கோட்டைகளை மீட்கக் கண்டியரால் இயலவில்லை. கடற்படை இல்லாதவர்கள் கடற்கோட்டையை முற்றுகையிட்டு என்ன பயன்? எனவே 1633இல் செனரத் போர்த்துக்கேயரோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டான்; கப்பம் செலுத்தவும் இசைந்தான். போர்த்துக்கேயரோடு அமைதியாக வாழ்தல் என்ற கொள்கையை வகுத்தவன் விஜயபாலன் அல்லன், செனரத்தே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

செனரத் 1635இல் இறந்தான். குமாரசிங்கனும் இறந்தொழிய, ஊவா இராஜசிங்கன் கைக்குச் சென்றது. மூன்று பங்கு இரண்டாயிற்று. ஆனால் சமமான இரண்டாகவில்லை. கிழக்கும் தெற்கும் நடுவும் இராஜசிங்கனிடம். வடக்கு மட்டும் விஜயபாலனிடம். ஹெஸ்ஸேயில் மார்பர்க் செய்ததை இங்கு ஊவா செய்தது.

இராஜசிங்கன் தந்தையின் சமாதானத்தைப் போருக்கான அவகாசமாகவே கருதினான். 1636 செப்டெம்பரில் சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்குக் கடிதம் அனுப்பி, போர்த்துக்கேயரை விரட்டக் கப்பல்கள் தந்துதவுமாறு கேட்டான். அக்கடிதம் பயன் தருவதற்குள் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ த மெலோ முந்திக்கொண்டான். 1638 மார்ச்சில் அவன் மலையேறி வந்து, மக்கள் அகன்று வெறுமையாய்க் கிடந்த கண்டியைத் தீக்கிரையாக்கித் திரும்பினான். திரும்பும் வழியில் மகாவலிக் கரையில், பேராதனைக்கு எதிர்ப்புறமுள்ள கன்னொறுவையில், கண்டிப்படை அவனை வளைத்தது. மார்ச் 28இல் நிகழ்ந்த அப்போரில் போர்த்துக்கேயருள் உயிர் தப்பியோர் மிகச் சிலரே. தளபதியும் மாண்டான். இப்போரில் விஜயபாலன் மாத்தளைப் படையோடு தம்பிக்குத் துணைநின்றான். ‘போர்த்துக்கேயரின் நண்பன்’ என்ற பெயரை அவன்மீது சுமத்துவோர் கன்னொறுவையை மறந்துவிடலாகாது. பாதிரிமாரிடம் கற்ற அன்பு ஒருபுறம் இருப்பினும், நாடு எரிந்தபோது அவன் வாள் நின்ற பக்கம் நாட்டின் பக்கமே.

பிளவு

கன்னொறுவை வெற்றியே சகோதரரைப் பிரித்தது எனின் அது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் காரணம் எளிது. பொதுப் பகைவன் வலியிழந்ததும் உள்ளிருந்த கணக்குகள் மேலெழுந்தன.

1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். அம்மாதம் 23ஆம் நாள் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்துகொண்டனர். கைப்பற்றப்படும் கோட்டைகளில், மன்னன் விரும்பினாலே ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் என்ற வாசகம் மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் ‘மன்னன் விரும்பினால்’ என்ற சொற்கள் காணப்படவில்லை. அச்சொற்களுக்குள்ளேதான் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளின் வரலாறு அடங்கியிருந்தது. 1639இல் திருகோணமலையும், 1640இல் நீர்கொழும்பும் காலியும் வீழ்ந்தன. காலியை ஒல்லாந்தர் மன்னனிடம் கையளிக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கினர்.

இவ்வுடன்படிக்கை இராஜசிங்கனை இலங்கையின் ஒரே பேரரசனாகப் பேசிற்று. அதில் மாத்தளை மன்னனுக்கு இடம் எங்கே? ஒல்லாந்தர் வல்லவராகும் ஒவ்வொரு மாதமும் விஜயபாலனின் நிலை சுருங்கிற்று. போர்த்துக்கேயர் கரையில் இருக்கும்வரை இராஜசிங்கனுக்கு அண்ணன் வேண்டப்படுவான். அவர்கள் அகன்றபின் கண்டியின் வடவாயிலை வேறொருவன் கையில் விட்டுவைக்க எந்த மன்னன் உடன்படுவான்? இவ்வாறு நோக்கின், விஜயபாலன் போர்த்துக்கேயரை நாடியது மதிமயக்கமன்று என்பது விளங்கும். இரு அந்நியரும் கரையில் ஒருவரையொருவர் தடுத்து நிற்கும்வரையே அவன் தன் மேட்டின்மேல் நிலைக்க முடியும். மற்றொரு கூறாகவும் இதனைச் சொல்லலாம். தம்பி ஒல்லாந்தரைத் துணைக்கழைத்தான். அண்ணன் போர்த்துக்கேயரைத் துணைக்கழைத்தான். செயல் ஒன்றே. ஒருவன் வென்றமையால் அது இராசதந்திரம் எனப்பட்டது; மற்றவன் தோற்றமையால் அது துரோகம் எனப்பட்டது.

சகோதரர் பகை வெளிப்படைப் போராக முற்றியது. போரில் விஜயபாலன் தோற்றான். மாத்தளை இராஜசிங்கன் வசமாயிற்று. 1641இல் விஜயபாலன் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

அடைக்கலமும் சிறையும்

அவன் அகதியாக வரவில்லை. கூட்டாளியாக வந்ததாகவே எண்ணினான். படை தாருங்கள், அரியணையை மீட்டுத்தாருங்கள் என்பதே அவன் வேண்டுகோள். போர்த்துக்கேயரோ அவனைக் கொழும்பிற்குக் கொண்டுசென்று, பின்னர் கோவாவிற்கு அனுப்பினர். மரியாதைகள் குறையவில்லை, விடுதலைதான் இல்லை.

போர்த்துக்கேயர் ஏன் அவனுக்கு உதவவில்லை? அக்காலத்து அவர்கள் நிலைமையை எண்ணினால் விடை கிடைக்கும். 1640 டிசம்பரிலேதான் போர்த்துக்கல் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விலகி, நான்காம் ஜோனை மன்னனாக்கிற்று. ஐரோப்பாவில் அவர்கள் தம் சொந்தச் சுதந்திரத்திற்காகவே போராடினர். கோவாத் துறைமுகத்தை ஒல்லாந்தர் கப்பல்கள் ஆண்டுதோறும் முற்றுகையிட்டன. இலங்கையில் தளபதியாயிருந்த பிலிப் மஸ்கரேஞ்ஞஸ் நீர்கொழும்பை மீட்டானேனும், காலி ஒல்லாந்தர் கையிலேயே இருந்தது. ரந்தெனிவலை, கன்னொறுவை ஆகிய இரு இடங்களிலும் மலையேறிய படை மீளவில்லை. மூன்றாம் முறை மலையேற எவரும் துணியவில்லை. 1641 யூனில் ஐரோப்பாவில் போர்த்துக்கலும் ஒல்லாந்தும் போர் நிறுத்தம் செய்தன. 1644இல் இலங்கையின் கறுவா நிலங்களையும் தம்முட் பகிர்ந்துகொண்டன. இந்நிலையில் அரியணையில் அமர்ந்த விஜயபாலனைவிட, கோவாவில் காத்திருக்கும் விஜயபாலனே அவர்களுக்குப் பயனுள்ளவன். தேவைப்படும்போது இராஜசிங்கனை அச்சுறுத்த ஓர் உரிமையாளன். தேவைப்படாதபோது ஒரு விருந்தாளி.

அவன் கோவாவிலிருந்து எழுதிய எழுத்துக்கள் போர்த்துக்கேய ஆவணங்களிடையே லிஸ்பனில் பாதுகாக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு வரலாற்றறிஞர் பி. ஈ. பீரிஸ் அவர்கள் விஜயபாலனைப் பற்றித் தனிநூல் ஒன்றையே வெளியிட்டார். ஒரு விந்தையை இங்கு காண்கிறோம். மாத்தளையில் ஆண்டபோது அவன் பிறப்பித்த ஆணைகளை நாம் அறியோம். நாடிழந்தபின் அந்நிய மொழியில் அவன் எழுதிய முறையீடுகளே எஞ்சின. அரசனாக இருந்த விஜயபாலன் ஊமை. அகதியான விஜயபாலனே நம்மோடு பேசுகின்றான்.

கோவாவில் அவன் கிறித்தவனானான். 1654இல் அங்கேயே இறந்தான். தந்தை விமலதர்மசூரியன் கோவாவில் கிறித்தவப் பெயர் தாங்கி வாழ்ந்து, திரும்பி வந்து பௌத்த மன்னனானான். மகன் பௌத்த மன்னனாயிருந்து, கோவா சென்று கிறித்தவனாக மடிந்தான். தந்தை சென்ற வழியிலேயே மகனும் சென்றான்; திசை மட்டும் எதிரானது. அவன் இறந்து இரண்டாண்டில், 1656 மே மாதத்தில் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. இலங்கையில் அவனை அரியணை ஏற்றக்கூடிய போர்த்துக்கேயர் எவரும் எஞ்சவில்லை.

பின்விளைவுகள்

விஜயபாலனோடு மாத்தளை என்ற தனி நாடு முடிவுற்றது. அதன்பின் அது கண்டி மன்னனால் நியமிக்கப்பட்ட திசாவையின் ஆட்சிக்குட்பட்ட மாகாணமாயிற்று. 1815 மார்ச்சில் கண்டி நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டோருள் மாத்தளைத் திசாவையும் ஒருவர். இதனிலும் முக்கியமானது, கண்டி இராச்சியம் மீண்டும் ஒருபோதும் மைந்தரிடையே பங்கிடப்படவில்லை என்பதாம். மூன்று ஓலைகளின் பாடத்தை மன்னர் மறக்கவில்லை. இராஜசிங்கனும் மறக்கவில்லை. 1664இல் நிலம்பையில் அவனுக்கெதிராகக் கிளர்ந்தோர் அவனுடைய இளவயது மகனையே அரசனாக்க முயன்றனர். கிளர்ச்சி தோற்றபின் மன்னனின் ஐயமும் கடுமையும் மிகுந்தன என்பதை, அவன் நாட்டில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸின் நூல் காட்டுகின்றது. இரத்த உறவே பகையாகலாம் என்பதை அம்மன்னன் முதலில் மாத்தளையிலேயே கற்றான்.

இன்னொரு விளைவையும் நேர்மையோடு எண்ணிப்பார்த்தல் வேண்டும். விஜயபாலன் வென்றிருப்பின் என்னாகும்? கோட்டை மன்னன் தர்மபாலன் போர்த்துக்கேயர் நிழலில் ஆண்டு, 1580இல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு மரணசாசனம் செய்துகொடுத்தான். 1597இல் அவன் இறந்ததும் கோட்டை இராச்சியம் மறைந்தது. 1619இல் யாழ்ப்பாணத்தின் இறுதி மன்னன் சங்கிலி தோற்கடிக்கப்பட்டு, கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான். தர்மபாலன் நட்பால் அழிந்தான். சங்கிலி பகையால் அழிந்தான். விஜயபாலனின் வெற்றி கண்டியைத் தர்மபாலனின் வழியிற் செலுத்தியிருக்கக்கூடும். இராஜசிங்கனின் வெற்றியால் மலைநாடு மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சுதந்திரமாய் நின்றது என்ற உண்மையை மறுத்தற்கில்லை. ஆகவே விஜயபாலனை நாயகனாக்குதல் இக்கட்டுரையின் கருத்தன்று.

முடிவுரை

விஜயபாலனைத் துரோகி என்றோ வெள்ளையுள்ளத்தான் என்றோ ஒரு சொல்லால் முடித்துவிடலாகாது. தந்தையற்ற மகனாக வளர்ந்து, பங்கீட்டால் ஒரு வாயிலைப் பெற்று, அவ்வாயிலைக் காக்கக் கன்னொறுவையிற் போரிட்டு, தம்பி வளர வளரத் தான் சுருங்குவதைக் கண்டு, தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் துணை தேடியவன் அவன். அவன் பிழை போர்த்துக்கேயரை நாடியதில் இல்லை. அவர்களுடைய மரியாதையை வாக்குறுதி என்று கொண்டதில் உள்ளது. மொழியை ஒருவர் நமக்குக் கற்பித்தார் என்பதனால் அம்மொழியிற் கேட்பதையெல்லாம் அவர் தருவார் என்று நம்புதல் தவறு. இப்பாடம் பதினேழாம் நூற்றாண்டுக்கு மட்டும் உரியதன்று.

மாத்தளை என்றதும் அலுவிகாரையும், திரிபிடகம் நூலாக எழுதப்பட்டமையும், 1848இன் கிளர்ச்சியும், வீரபுரன் அப்புவும் நினைவுக்கு வருதல் தகும். முத்துமாரியம்மன் கோயிலும் தேர்த் திருவிழாவும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவற்றோடு கொடபொலவில் அரசாண்ட ஒரு மன்னனின் நினைவும் சேர்தல் வேண்டும். எம்மைப்போல் பின்னர் வந்து குடியேறியோரும், வழிவழியாய் அங்கு வாழ்ந்து வருவோரும் ஒருங்கே வாழும் அம்மண்ணின் வரலாறு வென்றவர் வரலாறாக மட்டும் அமைந்துவிடலாகாது. தோற்றவன் எதற்காகத் தோற்றான் என்பதை அறிந்த பின்னரே வென்றவனின் வெற்றியை அளவிட முடியும். வடபாதையில் கால்நடையாய் வந்து, பெயரும் பொறிக்கப்படாது மறைந்தோரின் வழித்தோன்றல்களுக்கு இவ்வுண்மையை வேறெவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.